கிங் மேடைப் பேச்சாளர் மட்டும்தானா?

ஜனவரி 19, இரவு 9.10
ஒரு வாசகர் எழுதியது, அப்படியே ஒட்டுகிறேன்: "மார்ட்டின் லூதர் கிங் நல்ல பேச்சாளர், ஒத்துக்கொள்கிறேன். அதற்கு மேல் என்ன செய்தார்? அடி வாங்கிக்கொண்டு நின்றார்கள், வெள்ளைக்காரன் மனசு இளகியது, சட்டம் வந்தது. மால்கம் எக்ஸ் போன்றவர்கள் பின்னால் நின்று மிரட்டாமல் இருந்திருந்தால் அதுவும் வந்திருக்காது." (மால்கம் எக்ஸ், அகிம்சையை ஏற்காத கறுப்பர் தலைவர்.)

ஜனவரி 19, இரவு 10.25
மனசு எங்கே இளகியது? அலபாமா மாநிலம் மாண்ட்கோமரியில், பேருந்தில் நிறம் பார்த்து உட்கார வைத்ததை எதிர்த்துக் கறுப்பர்கள் பேருந்தையே புறக்கணித்தார்கள், கிங் தலைமையில். அதில் முதலில் வைத்த கோரிக்கைகளைப் பாருங்கள். தனித்தனி இருக்கையை ஒழி என்றுகூடக் கேட்கவில்லை. வெள்ளையர் முன்னாலிருந்தும் கறுப்பர் பின்னாலிருந்தும் வந்த வரிசையில் உட்காரட்டும், ஓட்டுநர்கள் மரியாதையாகப் பேசட்டும், கறுப்பர் பகுதித் தடங்களில் கறுப்பர்களையும் ஓட்டுநர்களாக எடுங்கள். இவ்வளவுதான். இதற்கே நகராட்சி மசியவில்லை. பேருந்தில் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கறுப்பர்கள், கம்பெனிக்கு நாள்தோறும் நஷ்டம், அப்படியும் மசியவில்லை. 1955 டிசம்பர் 5 அன்று தொடங்கியது 381 நாள் இழுத்தது.

நான் மில் தொழிற்சங்க அலுவலகத்தில் வரவு செலவு பார்த்தவன். வேலைநிறுத்தம் எங்கே உடையும் என்று ஓரளவு தெரியும். கூட்டத்தில் வீராவேசமாகக் கை தூக்கியவர், மூன்றாவது வாரம் மளிகைக்கடைக்காரர் கடன் நோட்டை மூடியதும் நம் கண்ணில் படாமல் சுற்றுவார். அதனால் 381 நாள் என்று படித்ததும் எனக்கு முதலில் தோன்றிய கேள்வி, இத்தனை பேர் தினம் எப்படி வேலைக்குப் போனார்கள் என்பதுதான்.

ஜனவரி 20, காலை 6.50
பதில்: கார். பலர் நடந்தார்கள், பலர் காரில் போனார்கள்.

முதலில் கறுப்பர்களின் டாக்சிகள் பேருந்துக் கட்டணமான 10 சென்டுக்கே ஏற்றிக்கொண்டன. நகராட்சி உடனே, குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட் என்ற விதியைத் தூசி தட்டி எடுத்தது. அந்த வழி அடைபட்டது. 1953இல் லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில் இதேபோல் ஒரு புறக்கணிப்பு நடந்திருந்தது. அதை நடத்திய பாதிரியார் டி.ஜே. ஜெமிசனை கிங் போனில் பிடித்து, கார்களை எப்படி ஓட்டினீர்கள் என்று விசாரித்தார். சீக்கிரமே சுமார் 300 கார்கள் சேர்ந்தன. எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது, எத்தனை மணிக்கு என்று பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். பிறகு தேவாலயங்களின் பெயரில் ஸ்டேஷன் வேகன்களே வாங்கினார்கள்.

நகராட்சி சும்மா இருக்குமா? காரில் ஏற்றுகிறவர்களை எல்லாம் போலீஸ் பின்தொடர்ந்தது. 1956 ஜனவரி 26 அன்று கிங்கே மாட்டினார். 25 மைல் வேகம் போக வேண்டிய இடத்தில் 30 மைல் போனாராம். அவர் வாழ்க்கையில் முதல் சிறை இதுதான். காரில் ஆள் ஏற்றிக்கொண்டு போனவர், ஐந்து மைல் கூடுதல் வேகத்துக்காக உள்ளே போனார். அடுத்து கார்களின் காப்பீட்டை ஒவ்வொன்றாக ரத்துசெய்ய வைத்தார்கள். காப்பீடு இல்லாமல் வண்டி ஓடாது. கடைசியில் லண்டனில் லாயிட்ஸ் மூலம் காப்பீடு வாங்கினார்கள். அலபாமாவில் பேருந்து ஏறாமல் இருப்பதற்கு லண்டன் வரை போக வேண்டியிருந்தது!

ஜனவரி 20, காலை 7.05
விட்டுப்போனது. 1956 நவம்பர் 13 அன்று கிங் நீதிமன்றத்தில் உட்கார்ந்திருக்கிறார். கார் ஏற்பாட்டையே தடைசெய்யக் கேட்டு நகராட்சி போட்ட வழக்கு. தோற்கப்போகிறோம் என்று அவருக்குத் தெரியும். அப்போது ஒரு செய்தியாளர் ஒரு தாளை நீட்டுகிறார். பேருந்தில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே நாளில் உள்ளூர் நீதிமன்றம் கார்களுக்குத் தடையும் போட்டது. வாஷிங்டனிலிருந்து உத்தரவு கைக்கு வந்து சேர டிசம்பர் 20 ஆனது. ஜெயித்த பிறகும் ஐந்து வாரம், அந்தக் கார் ஏற்பாடு இல்லாமலே சமாளித்தார்கள்.

ஜனவரி 20, இரவு 8.40
"அப்படியென்றால் நீதிமன்றம்தானே ஜெயித்தது, நடந்தவர்கள் எதற்கு?" என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். நல்ல மடக்கு. வழக்கின் பெயர் பிரௌடர் எதிர் கெய்ல். இருக்கையை விட மறுத்துக் கைதாகி, இந்தப் புறக்கணிப்பு தொடங்கக் காரணமான ரோசா பார்க்ஸ் அதில் வழக்குத் தொடுத்தவர்களில் கிடையாது. அவருக்கு ஒன்பது மாதம் முன்பே, 1955 மார்ச் 2 அன்று, இருக்கையை விட மறுத்துக் கைதான 15 வயதுப் பெண் கிளாடெட் கால்வின் இருந்தார். ஆனால் வழக்கு முடியும்வரை ஊர் கலையாமல் இருக்க வேண்டுமே. உத்தரவு வரும் நாளில் எல்லோரும் பழையபடி பேருந்தின் பின்பக்கம் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தால், அந்தத் தாளை வைத்து என்ன செய்வது? சட்டம் ஒரு கை, ஊர் இன்னொரு கை. எந்தக் கை பெரியது என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

ஜனவரி 21, மதியம்
பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டவருக்கு: ஜார்ஜியா கில்மோர். இந்தப் பெயரைத்தான் பள்ளிப் பாடத்தில் போட வேண்டும் என்பேன்.

உணவகத்தில் சமையல் வேலை பார்த்தவர். புறக்கணிப்பை நடத்தியதற்காக கிங் மீது போட்ட வழக்கில் சாட்சி சொன்னார், வேலை போனது. வீட்டிலேயே சமைத்து விற்கத் தொடங்கினார். வேறு பெண்களையும் சேர்த்துக்கொண்டு கோழிப் பொரியல், கேக், பை என்று செய்து அழகு நிலையம், டாக்சி நிறுத்தம் என்று கிடைத்த இடமெல்லாம் விற்று, காசை வாராவாரம் கூட்டத்தில் கொண்டுவந்து கொட்டினார்கள். வெள்ளையர் வீடுகளில் வேலை பார்த்த பெண்கள் இதில் உண்டு. பெயர் வெளியே வந்தால் வேலை போகும். அதனால் காசு எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் "எங்கிருந்தும் இல்லை" என்று சொல்லும்படி தங்கள் மன்றத்துக்கே "எங்கிருந்தும் இல்லாத மன்றம்" என்ற அர்த்தத்தில் பெயர் வைத்தார்கள். பெட்ரோலுக்கும் டயருக்கும் அந்தக் காசு போனது.

இன்னொரு வேடிக்கை. வெள்ளைக்கார வீட்டம்மாக்கள் பலர் வேலைக்காரப் பெண்களைத் தாங்களே காரில் கூட்டிவந்து கொண்டுபோய் விட்டார்கள். நிறுத்துங்கள் என்றார் மேயர் கெய்ல். அப்படியானால் மேயரே வந்து என் வீட்டில் துணி துவைக்கட்டும் என்ற தொனியில் பதில் வந்ததாகச் சொல்வார்கள். இதை மனசு இளகியது என்று சேர்ப்பீர்களா, சமையலறையில் பாத்திரம் குவிந்தது என்று சேர்ப்பீர்களா?

ஜனவரி 21, இரவு 11.15
இரண்டு நாளாக நான் எழுதியதைப் படித்தால் கிங்கே தேவையில்லை என்பதுபோல் இருக்கிறது. அதையும் கொஞ்சம் இழுத்துப் பிடிக்க வேண்டும்.

புறக்கணிப்புக்குக் கூப்பிட்ட துண்டுப் பிரசுரத்தை ராத்திரியோடு ராத்திரியாகக் கல்லூரி இயந்திரத்தில் பல்லாயிரம் பிரதி எடுத்தவர் ஜோ ஆன் ராபின்சன், ஆங்கிலப் பேராசிரியை. ரோசா பார்க்ஸை ஜாமீனில் எடுக்க ஓடியவர் உள்ளூர்க் கறுப்பர் தலைவர் ஈ.டி. நிக்சன். 26 வயது கிங் ஊருக்குப் புதுசு, யாருக்கும் பகையாளி இல்லை. தலைவராகத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் டிசம்பர் 5 மாலை ஹோல்ட் ஸ்ட்ரீட் தேவாலயத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் பேச, தயாராவதற்கு அவருக்குக் கிடைத்தது சுமார் 20 நிமிடம். ஒருநாள் புறக்கணிப்போடு நிறுத்தலாமா என்று தயங்கிய தலைவர்கள் பலர். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு தயக்கம் போய்விட்டது.

அப்புறம் வாரம் இரண்டு முறை இரவுக் கூட்டம். நடந்து நடந்து கால் வீங்கியவர்கள் அங்கே வந்து பாடினார்கள், அவர் பேசக் கேட்டார்கள், மறுநாள் காலையில் மறுபடி நடந்தார்கள். எங்கள் சங்கத்தில் ஒரு பேச்சாளர் இருந்தார். அவர் பேசிய மறுநாள் கேட் மறியலுக்கு ஆள் கூடும், அவர் வெளியூர் போயிருந்தால் குறையும். கணக்கு நோட்டு வைத்திருந்தவன் என்ற முறையில் எனக்கு இது எரிச்சலாகத்தான் இருந்தது. என்ன செய்வது, நடந்தது அதுதான்.

ஜனவரி 22, காலை
"பிறவி அகிம்சாவாதி" என்று எழுதிய நண்பருக்கு: இல்லை. 1956 ஜனவரி 30 அன்று கிங் வீட்டுத் திண்ணையில் குண்டு வெடித்தது. உள்ளே மனைவி கொரெட்டாவும் கைக்குழந்தை யோலண்டாவும். வெளியே கூடிய கூட்டத்தில் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். சிதைந்த அதே திண்ணையில் நின்று அவர்களை வீட்டுக்கு அனுப்பினார் கிங். அது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதற்குப் பிறகு அவர் தனக்கே துப்பாக்கி உரிமம் கேட்டு விண்ணப்பித்ததும், அது மறுக்கப்பட்டதும் அவ்வளவாகத் தெரியாது. வீட்டைச் சுற்றி ஆயுதக் காவல் இருந்தது. பிப்ரவரியில், கிங்குக்கு யோசனை சொல்ல, அகிம்சைப் போராட்டங்களில் பழகிய பேயார்ட் ரஸ்டின் வந்தார். கூட வந்த பத்திரிகையாளர் நாற்காலியில் உட்காரப்போக, பில், இரு, அதில் துப்பாக்கி இருக்கிறது என்று ரஸ்டின் கத்த வேண்டியதாயிற்று.

ரஸ்டின் குவேக்கர், அதாவது போரே கூடாது என்கிற கிறிஸ்தவப் பிரிவினர். இரண்டாம் உலகப் போரில் சேர மறுத்துச் சிறை இருந்தவர், இந்தியாவுக்கு வந்து போனவர். தற்காப்புக்குத்தானே என்றார் கிங். தலைவன் வீட்டில் துப்பாக்கி இருந்தால் பின்னால் வருகிறவன் என்ன நினைப்பான் என்றார் ரஸ்டின். கிங் காந்தியை முன்பே படித்திருந்தார். படித்தது வேறு, வீட்டில் குண்டு விழுந்த பிறகு துப்பாக்கியை எடுத்து வெளியே வைப்பது வேறு. அது மெல்ல மெல்லத்தான் நடந்தது.

ஜனவரி 22, காலை, தொடர்ச்சி
ரஸ்டினைப் பற்றி எழுதும்போது கிங் மீது கோபம் வருகிறது. ரஸ்டின் தன்பாலீர்ப்பாளர். 1960இல் காங்கிரஸ் உறுப்பினர் ஆடம் கிளேட்டன் பவல், கிங்குக்கும் அவருக்கும் உறவு என்று பொய்ச் செய்தி கிளப்புவேன் என்று மிரட்டினார். கிங் ரஸ்டினைக் கைவிட்டார். குண்டுக்குப் பயப்படாதவர் வதந்திக்குப் பயந்தார்.

1963 ஆகஸ்ட் 28 வாஷிங்டன் பேரணியை நடத்திக் காட்டியவர் அதே ரஸ்டின்தான். இந்த முறை மூத்த கறுப்பர் தொழிற்சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப் அவரை விட்டுக்கொடுக்கவில்லை. சுமார் இரண்டரை லட்சம் பேர். நியூயார்க்கில் ஒரு தேவாலயத்தில் தொண்டர்கள் உட்கார்ந்து 80,000 சாப்பாட்டுப் பொட்டலம் கட்டினார்கள், சீஸ் சாண்ட்விச்சோடு. ஆகஸ்ட் வெயிலில் எது கெட்டுப்போகும், எது போகாது என்பதுவரை யோசித்தார்கள். பேரணியின் பெயரில் வேலையும் சுதந்திரமும் என்று இரண்டும் இருந்தன. குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2 டாலர் என்பது கோரிக்கைகளில் ஒன்று. நமக்கு அங்கே கிங் பேசிய "எனக்கொரு கனவு" மட்டும் ஞாபகம் இருக்கிறது, கூலி மறந்துவிட்டது.

ஜனவரி 24, இரவு
"அடி வாங்கிக்கொண்டு நின்றார்கள்" என்ற வரிக்கு வருகிறேன். அடி வாங்கிக்கொண்டு சும்மா நிற்பது யாருக்கும் தானாக வராது. எங்கள் மறியல் ஒன்றில் வெளியாள் ஒருவன் வேண்டுமென்றே நம் பையன் ஒருவனைக் கன்னத்தில் அறைந்தான். பையன் கல்லை எடுத்தான். ஒரே நிமிடம். அதற்காகவே காத்திருந்த போலீஸ் கேட்டைக் காலிசெய்துவிட்டது. அவனைக் குறை சொல்ல முடியவில்லை. அறை விழும் என்று அவனிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை.

டென்னசி மாநிலம் நாஷ்வில்லில் சொன்னார்கள். ஜேம்ஸ் லாசன் என்ற இளைஞர், கொரியப் போருக்குப் போக மறுத்துச் சிறை இருந்துவிட்டு, நாக்பூரில் ஹிஸ்லாப் கல்லூரியில் மூன்று ஆண்டு வேலை பார்த்தவர். மாண்ட்கோமரி செய்தியை நாக்பூர் பத்திரிகையில்தான் படித்தார். 1957இல் கிங்கைச் சந்தித்தபோது, படிப்பு முடித்து வருகிறேன் என்றவரை, காத்திருக்காதே, இப்போதே தெற்கே வா என்றார் கிங். 1959இல் தேவாலய அடித்தளத்தில் லாசன் மாணவர்களுக்கு ஒத்திகை நடத்தினார். பாதிப் பேர் வெள்ளையருக்கு மட்டுமான உணவுக் கவுண்டரில் உட்கார்ந்தவர்களாக, பாதிப் பேர் ரவுடிகளாக. வசவு, தள்ளல், முகத்தில் சிகரெட் புகை. நாற்காலியிலிருந்து இழுத்துப் போட்டால் தலையை எப்படி மூடிக்கொண்டு சுருள்வது, பக்கத்தில் இருப்பவன் அடிபட்டால் நடுவில் எப்படிப் போய் விழுவது என்று பழகினார்கள். பிறகு ஆளுக்கொரு தாள்: திருப்பி அடிக்காதே, திட்டாதே, நிமிர்ந்து உட்கார், கவுண்டரைப் பார்த்தே இரு. 1960 பிப்ரவரியில் உட்காரத் தொடங்கி மே 10 அன்று கவுண்டர்கள் கறுப்பர்களுக்கும் திறந்தன. நடுவில் அவர்களுடைய வழக்கறிஞர் வீட்டில் குண்டு வெடித்தது. ஆயிரக்கணக்கானவர்கள் பேசாமல் நடந்து நகராட்சிக் கட்டடத்துக்குப் போக, டயேன் நாஷ் என்ற மாணவி மேயரைப் படிக்கட்டில் நிறுத்தி, தோலின் நிறத்தைப் பார்த்து ஒதுக்குவது சரியா என்று நேராகக் கேட்டார். சரியில்லை என்று ஒத்துக்கொண்டார் மேயர்.

இதில் கிங் எங்கே? ஒத்திகையிலும் இல்லை, கவுண்டரிலும் இல்லை. லாசனை வா என்று கூப்பிட்டார், ஏப்ரலில் ஒருமுறை வந்து மாணவர்களைப் பாராட்டிப் பேசினார், அதோடு சரி.

ஜனவரி 25
தோற்ற கதையையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பஜனை ஆகிவிடும். ஜார்ஜியா மாநிலம் ஆல்பனியில் 1961-62இல் நடந்த இனப் பிரிவினை எதிர்ப்புப் போராட்டம். போலீஸ் தலைவர் லாரி பிரிச்செட் கெட்டிக்காரர். காந்தி முறையைப் படித்தார். சிறையை நிரப்புவார்கள் என்று தெரிந்ததும் சுற்றுவட்டாரச் சிறைகளில் எல்லாம் இடம் பேசி வைத்தார். கேமரா முன்னால் யாரையும் அடிக்க விடவில்லை. கிங்கும் அவருடைய நெருங்கிய சகா ஆபர்னத்தியும் அபராதம் கட்ட மறுத்துச் சிறைக்குப் போனார்கள். மூன்றாம் நாள் யாரோ பணம் கட்டிவிட்டதாகச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டார்கள். எத்தனையோ இடத்திலிருந்து துரத்தியிருக்கிறார்கள், சிறையிலிருந்து துரத்தியது இதுதான் முதல் தடவை என்றார் ஆபர்னத்தி. சிரிப்புதான், ஆனால் இயக்கம் ஒன்றும் கிடைக்காமல் ஊரைவிட்டு வந்தது.

எதிராளி அடித்தால்தான் இந்த முறை வேலை செய்யுமா? இரண்டு நாளாக இதையே யோசிக்கிறேன். அடுத்து அலபாமாவின் பர்மிங்காமைத் தேர்ந்தெடுத்ததற்கு புல் கானர் என்ற முன்கோபக்கார அதிகாரியும் ஒரு காரணம் என்பதை மறைக்க முடியாது.

ஜனவரி 26, இரவு
பர்மிங்காம். 1963 ஏப்ரல் 3 தொடக்கம். ஈஸ்டர் வியாபாரம் கிறிஸ்துமஸுக்கு அடுத்த பெரிய வியாபாரம். அந்த நேரத்தில் கறுப்பர்கள் கடைக்குப் போகாவிட்டால் முதலாளிக்கு வலிக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் இறங்கினார்கள். கிங்கின் அமைப்பைச் சேர்ந்த வயாட் டீ வாக்கர் முன்கூட்டியே போய்க் கடைகளில் எத்தனை நாற்காலி, தேவாலயத்திலிருந்து நடந்துபோக எவ்வளவு நேரம் என்று அளந்து வைத்திருந்தார்.

பெரிய வெள்ளியன்று கிங் கைது. எட்டு வெள்ளை மதகுருக்கள் அவசரப்படாதீர்கள், காத்திருங்கள் என்று பத்திரிகையில் அறிக்கை விட்டிருந்தார்கள். அந்தப் பத்திரிகையின் ஓரத்திலேயே பதில் எழுதத் தொடங்கினார். "காத்திரு" என்பதற்கு இதுவரை "ஒருபோதும் இல்லை" என்பதுதான் அர்த்தமாக இருந்திருக்கிறது என்கிறார். கு க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலைவிட, நியாயத்தைவிட அமைதியே முக்கியம் என்கிற நடுநிலை வெள்ளையர்தான் பெரிய தடை என்கிறார். நெருக்கடியை உண்டாக்குவதுதான் எங்கள் நோக்கம், அப்போதுதான் பேச்சுவார்த்தைக்கு உட்காருவார்கள் என்று வெளிப்படையாகவே சொல்கிறார். இது இளகிய மனசைக் கெஞ்சுகிற ஆளின் எழுத்தா?

சரி, குழந்தைகள். சிறைக்குப் போகப் பெரியவர்கள் குறைந்துபோனார்கள். வேலை போகும், வீடு போகும். கிங்குடன் வேலை பார்த்த ஜேம்ஸ் பெவல் பள்ளிப் பிள்ளைகளை இறக்கலாம் என்றார். கிங் தயங்கினார், கடைசியில் தடுக்கவில்லை. மே 2 அன்று நூற்றுக்கணக்கான பிள்ளைகள் கைதாகி, போலீஸ் வண்டி போதாமல் பள்ளிப் பேருந்துகளில் ஏற்றிப் போனார்கள். மறுநாள் தண்ணீர்ப் பீரங்கி, நாய். உலகம் பார்த்தது. மே 10 அன்று உடன்பாடு. ஆண்பிள்ளைகள் குழந்தைகளை முன்னால் நிறுத்த மாட்டார்கள் என்றார் மால்கம் எக்ஸ். என்னிடம் இதற்குப் பதில் இல்லை. வென்றார்கள் என்பது பதில் ஆகாது. அந்தப் பிள்ளைகள் கொளுத்துகிற வெயிலில் குடிதண்ணீர்க் குழாயில்கூடப் பிரிவினை பார்த்து வளர்ந்தவர்கள், அவர்களுக்கும் இதில் பங்கு உண்டு என்பது ஒரு பாதிப் பதில்.

ஜனவரி 27
மால்கம் கேள்வி. இருவரும் நேரில் பார்த்துக்கொண்டது ஒரே ஒரு முறை, 1964 மார்ச் 26, வாஷிங்டனில், சில நிமிடம். 1965 பிப்ரவரியில் கிங் செல்மா சிறையில் இருந்தபோது மால்கம் அங்கே வந்து, கொரெட்டாவிடம், உங்கள் கணவருக்குத் தொல்லை தர வரவில்லை, மாற்று என்ன என்று வெள்ளையர் புரிந்துகொண்டால் டாக்டர் கிங் சொல்வதைக் கேட்பார்கள் என்றார். ஆக, "பின்னால் நின்று மிரட்டல்" என்ற வாதம் மால்கமே சொன்னதுதான், நம் வாசகர் கண்டுபிடித்ததல்ல. அதில் கொஞ்சம் உண்மை உண்டு. மூன்று வாரத்துக்குள் மால்கம் கொல்லப்பட்டார், வயது 39. கிங் சாகும்போதும் 39.

ஜனவரி 28
காந்திகிராமத்துக்கு வந்தாரா என்று கேட்டவருக்கு: ஆமாம், 1959இல் ஒரு மாதம் இந்தியாவில் சுற்றியபோது வந்தார். ஆனால் அந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்தது கேரளத்தில் நடந்தது. தீண்டப்படாத சாதிப் பிள்ளைகள் படித்த பள்ளியில் தலைமையாசிரியர் அவரை, "அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற ஒரு தீண்டப்படாதவர்" என்று அறிமுகப்படுத்தினார். முதலில் சுருக்கென்றது என்று கிங்கே சொல்கிறார். பிரதமர் வீட்டில் விருந்து சாப்பிட்டவர் இல்லையா! அப்புறம் தன் ஊரில் வறுமையில் கிடக்கும் இரண்டு கோடிப் பேரை நினைத்துப் பார்த்து, ஆமாம், நானும் தீண்டப்படாதவன்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். 1965இல் தன் தேவாலயப் பிரசங்கத்தில் சொன்னது.

ஜனவரி 28, பின்குறிப்பு
கிங் தன் முனைவர் பட்ட ஆய்வில் பிறர் எழுத்தை எடுத்துப் போட்டது உண்மைதான். பாஸ்டன் பல்கலைக்கழகக் குழு 1991இல் உறுதிசெய்தது. பட்டத்தைப் பறிக்கவில்லை. மனைவிக்கு உண்மையாக இல்லை என்பதும் தெரிந்ததே. எஃப்.பி.ஐ. அதை ஒட்டுக்கேட்டு, தற்கொலைக்குத் தூண்டும் மொட்டைக் கடிதமே அனுப்பியது. இதை வைத்து இழையை வேறு பக்கம் இழுக்க வேண்டாம்.

ஜனவரி 30, இரவு
கடைசியாக டென்னசி மாநிலம் மெம்ஃபிஸ். 1966இல் கேலப் கருத்துக்கணிப்பில் அமெரிக்கர்களில் 63 சதவீதம் பேர் கிங்கைப் பிடிக்கவில்லை என்றார்கள். சிகாகோவில் கல்லடி பட்டார். 1967இல் வியட்நாம் போரை எதிர்த்ததும் பழைய நண்பர்களும் விலகினார்கள். அந்த நிலையில்தான் மெம்ஃபிஸ் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு வந்தார். கூப்பிட்டவர் அதே லாசன். 1968 பிப்ரவரி 1 அன்று மழைக்கு ஒதுங்கிய இரண்டு தொழிலாளர்களைக் குப்பை லாரியின் நசுக்கும் இயந்திரம் உள்ளே இழுத்துக் கொன்றுவிட்டது. சுமார் 1,300 பேர் வேலையை நிறுத்தினார்கள். ஏப்ரல் 4 அன்று கிங் சுடப்பட்டார்.

ஏப்ரல் 16 அன்று உடன்பாடு ஆனது. சங்க அங்கீகாரம், கூலி உயர்வு கிடைத்தன. மேயர் ஹென்றி லோப் கடைசிவரை பிடிவாதம் பிடித்தது ஒன்றில்: சங்கச் சந்தாவைச் சம்பளத்தில் பிடித்துக் கொடுக்க மாட்டேன். ஊழியர் கடன் சங்கம் வழியாகப் பிடித்துக்கொள்ளலாம் என்று சுற்றி வளைத்து முடித்தார்கள். மேயருக்கும் முகம் தப்பியது, சந்தாவும் வந்தது. பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இந்த முடிச்சு எவ்வளவு பெரியது என்று தெரியும். எங்கள் மில் நிர்வாகமும் சந்தா பிடித்தத்தில்தான் சண்டை போட்டது. அதை வேறொரு இழையில் எழுதுகிறேன், இங்கே கலக்க வேண்டாம்.